பிரேக் லைட் ஸ்விட்ச்: தரைக்கடியிலிருந்து பெடல் பக்கத்துக்கு

பழைய கார்கள் பலவற்றில் பிரேக் லைட் ஸ்விட்சைப் பெடலுக்குப் பக்கத்தில் தேடினால் கிடைக்காது. பிரேக் ஆயில் ஓடும் குழாயில், அல்லது மாஸ்டர் சிலிண்டரின் முனையில், கட்டைவிரல் பருமனுள்ள ஒரு பித்தளைக் குமிழாக அது திருகப்பட்டிருக்கும். பெடலை மிதித்ததும் குழாய்க்குள் அழுத்தம் ஏறும். அது குமிழுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வைத் தள்ள, சவ்வு ஒரு செம்புத் தகட்டை நகர்த்தி இரண்டு மின்முனைகளைச் சேர்க்கும். பின்னால் சிவப்பு விளக்கு எரியும். வில்லிஸ் ஜீப், அதன் வழிவந்த மகிந்திரா ஜீப்புகள், மாரிஸ் மைனர், ஃபோக்ஸ்வாகன் பீட்டில் என்று பெரிய வரிசையே இந்த ஏற்பாட்டில் ஓடியது. அந்த ஸ்விட்சை எடுத்துவிட்டு, பெடலின் அசைவாலேயே இயங்கும் ஸ்விட்ச் ஒன்றை உட்பக்கம் பொருத்துவது சின்ன வேலைதான். ஆனால் கொச்சியின் மட்டாஞ்சேரி போன்ற ஊரில் பழைய கார் வைத்திருப்பவர் முதலில் செய்யவேண்டிய வேலைகளில் அதுவும் ஒன்று.

காரணம் தண்ணீர். மட்டாஞ்சேரிக்கு ஒரு பக்கம் காயல், சற்றுத் தள்ளி மறுபக்கம் கடல். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும் மழை போதாதென்று, மலையாளிகள் விருச்சிக வேலியேற்றம் என்று சொல்லும் கடலேற்றம் கார்த்திகை, மார்கழியை ஒட்டி வருகிறது. மேற்குக் கொச்சியின் தாழ்ந்த பகுதிகளில், இடக்கொச்சி, கும்பளங்கி பக்கம், மழையே இல்லாத நாளிலும் உப்புத் தண்ணீர் தெருவுக்கு வந்துவிடும். ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்குப் போகும் ரோ-ரோ படகில் ஏறி இறங்கும் வண்டியின் சக்கரமும் ஈரப் பலகையைத் தொடாமல் போகாது. பெடல்கள் தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும் மாரிஸ் மைனரிலும் ஜீப்பிலும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலுக்கு நேர் கீழே, சேசிஸை ஒட்டி இருக்கிறது. சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீர் நேராகப் போய் விழும் இடம் அது. அதை ஒட்டியே பிரேக் லைட் ஸ்விட்சையும் வைத்தார்கள்.

உப்பு ஈரம் முதலில் பிடிப்பது ஸ்விட்சின் இரண்டு மின்முனைகளை. பச்சைக் களிம்பு ஏறி, ஒயரின் செம்பு இழைகள் உறைக்குள்ளேயே கறுத்துப் பொடியாகும். இந்தப் பழுது தெரிந்துவிடும்: விளக்கு எரியாது, அல்லது எப்போதாவது எரியும். இரண்டாவது பழுது இதற்கு நேர்மாறு. உள்ளே தகடு ஒட்டிக்கொண்டு விளக்கு அணையாமல் நிற்கும். விளக்கின் மின்சாரம் இக்னிஷன் சாவி வழியாக வராத வண்டியானால் மறுநாள் காலை பேட்டரி இறங்கியிருக்கும். மூன்றாவதுதான் பயப்பட வேண்டியது. சவ்வு கிழிந்தால் பிரேக் ஆயில் மின்முனைகளின் ஓரமாகக் கசிந்து வெளியே வரும். இந்தக் காலத்துக் கார்களில் பிரேக் குழாய் இரண்டு தனி வட்டங்களாகப் பிரிந்திருப்பதால் ஒன்று போனாலும் மற்றது காக்கும். அந்தக் காலத்து வண்டியில் இருப்பது ஒரே வட்டம். எங்கே ஓட்டை விழுந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. விளக்கு எரிவதற்காக வைத்த ஒரு பொருள் பிரேக்கையே பறித்துவிடக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதே இந்த அமைப்பின் பெரிய குறை.

புதிதாக, நல்ல நிலையில் இருக்கும்போதும் இந்த வகை ஸ்விட்சுக்கு ஒரு சோம்பல் உண்டு. கால் அசைந்ததை அது அறியாது. குழாயில் அழுத்தம் ஏறியதைத்தான் அறியும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுநர் 5 கிலோ எடை அளவுக்கு மெல்ல மிதிக்கிறார். பெடலின் நெம்புகோல் அதை ஐந்து மடங்காக்கினால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன்மேல் 25 கிலோ விழும். பிஸ்டன் முக்கால் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக, 22 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது என்றால் குழாயில் ஏறும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஆறரை கிலோ. புதிய ஸ்விட்சே ஏறத்தாழ 4 முதல் 7 கிலோவில்தான் எரியத் தொடங்கும். வயதான ஸ்விட்ச் இன்னும் கேட்கும். ஆக, மென்மையாக வேகத்தைக் குறைக்கும்போது வண்டி நிற்கத் தொடங்கியிருக்கும், விளக்கு எரிந்திருக்காது.

மட்டாஞ்சேரியில் ஓடும் ஓட்டமோ பெரும்பாலும் இந்த மென்மையான பிரேக்தான். பஜார் ரோட்டில் சரக்குக் கிடங்குகளுக்கு முன்னால் லாரி நிற்கும். கைவண்டி குறுக்கே வரும். யூதத் தெருவுக்குத் திரும்பும் முனையில் சுற்றுலாக்காரர்கள் சாலையை மறந்து சுவரைப் பார்த்து நடப்பார்கள். யாரும் ஓங்கி மிதிப்பதில்லை, காலைப் பெடல்மேல் வைத்தபடியே ஊர்கிறார்கள். தோப்பும்படிப் பாலத்தின் இறக்கத்திலும் அப்படித்தான். பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் ஆட்டோக்காரருக்கு முன்னால் போகும் பழைய கார் வேகம் குறைக்கிறது என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. பழைய கார்களின் பின்விளக்குகள் சின்னவை, மங்கலானவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஆட்டோக்காரரைக் குறை சொல்ல முடியாது.

இப்படி ஒரு இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், தொழிற்சாலைக்கு அது வசதி. கம்பியும் தண்டுமாகப் பிரேக் இயங்கிய தொடக்க காலத்தில் ஸ்விட்சும் பெடலோடு கம்பியால் கட்டப்பட்டு, இழுத்தால் எரியும் வகையாக இருந்தது. 1921-இல் அமெரிக்காவின் டியூசன்பெர்க் கார் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த முறை பரவியது. குழாயில் ஒரு துளை, அதில் ஒரு ஸ்விட்ச், இரண்டு ஒயர் என்றால் வேலை முடிந்தது. பெடலோடு ஒட்டிச் சரிசெய்யும் ஆள்கூலி மிச்சம். வண்டி முப்பது ஆண்டு கழித்து உப்புக் காற்றில் நிற்கும் என்பது அவர்கள் கணக்கில் இல்லை. பிரேக்கை இரண்டு வட்டமாகப் பிரித்தபோது இந்த வசதியும் போயிற்று. எந்த வட்டத்தில் ஸ்விட்சை வைப்பது? வைத்த வட்டம் பழுதானால் விளக்கும் போகுமே. ஃபோக்ஸ்வாகன் மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு ஸ்விட்சுகளை வைத்துச் சமாளித்தது. மற்றவர்கள் ஸ்விட்சை மறுபடியும் பெடலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். இன்று சாலையில் ஓடும் காரின் பெடலுக்கு மேலே குனிந்து பார்த்தால் அது அங்கே இருக்கும்.

எதையும் கழற்றுமுன் பழுது ஸ்விட்சில்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இக்னிஷனைப் போட்டு, ஸ்விட்சின் இரண்டு ஒயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று தொட வைத்தால் போதும். விளக்கு எரிந்தால் குற்றவாளி ஸ்விட்ச். எரியாவிட்டால் பல்பு, ஃபியூஸ், அல்லது பின்விளக்கின் எர்த். கடலோர ஊர்களில் துருப்பிடித்த எர்த்தே பாதிப் பழுதுக்குக் காரணம் என்பது எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனும் சொல்வது. லூகாஸ் முறையில் ஒயரிங் செய்த ஆங்கிலக் கார்களில் ஸ்விட்சுக்கு வரும் ஒயர் பச்சை, விளக்குக்குப் போவது பச்சையில் ஊதாக் கோடு. 1950-களின் சில கார்களில் பிரேக் விளக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே இழைதான். நடுவில் ஒரு ரிலே பெட்டி இருந்து பிரித்துக் கொடுக்கும். அந்த வண்டியில் ஊதாக் கோட்டு ஒயரை விளக்குக்கு நேராக இழுத்துவிட்டால் இண்டிகேட்டர் குழம்பிப்போகும். ஒயர் எங்கே போய்ச் சேர்ந்ததோ அங்கேயே சேரட்டும். மாறுவது ஸ்விட்ச் இருக்கும் இடம் மட்டும்.

புதிய ஸ்விட்ச் எதுவென்பதைப் பெடல் தீர்மானிக்கும். பெடல் மேலிருந்து தொங்கும் வண்டியானால் மாருதி 800 போன்ற கார்களில் வரும் தள்ளு ஸ்விட்ச் பொருந்தும். மரை வெட்டிய உடல், அதில் இரண்டு நட், முனையில் ஸ்பிரிங் வைத்த ஊசி. பெடல் ஓய்வில் இருக்கும்போது ஊசியை உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும். பெடல் விலகியதும் ஊசி வெளியே வந்து விளக்கை எரியவைக்கும். எந்த ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கிற பொருள்.

தரையிலிருந்து எழும் பெடலுக்கு இது அவ்வளவு தோதுப்படாது. அங்கே பெடலின் தண்டு ஒரு நீள்துளை வழியாக மேலே வருகிறது. தரைக்குக் கீழே தள்ளு ஸ்விட்சைப் பொருத்தினால் பழைய ஈரத்துக்கே திரும்பிப் போனதாகும். மோட்டார் சைக்கிளின் பின் பிரேக்கில் இருக்கும் இழுப்பு ஸ்விட்சே இதற்குச் சரி. டேஷ்போர்டுக்குக் கீழே, ஸ்டீயரிங் தண்டைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டின் போல்டோடு ஒரு தகட்டை வைத்து அதில் ஸ்விட்சை நிறுத்தலாம். பெடல் தண்டைச் சுற்றி ஒரு சிறிய கிளாம்ப் போட்டு இரண்டையும் மெல்லிய ஸ்பிரிங்கால் இணைக்க வேண்டும். ஸ்பிரிங்குக்குப் பதில் வெறும் கம்பி போடக் கூடாது. பெடல் ஓடும் தூரம் ஸ்விட்சின் ஓட்டத்தைவிடப் பல மடங்கு அதிகம். அந்த மீதித் தூரத்தைத் தாங்கிக்கொள்வதுதான் ஸ்பிரிங்கின் வேலை. கம்பியானால் ஓங்கி ஒரு முறை மிதித்ததும் ஸ்விட்சின் உள் தண்டு கையோடு வந்துவிடும்.

தகடு 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் வளையாது. வளைந்தால் பெடல் அசைவின் ஒரு பகுதி தகட்டிலேயே போய்விடும். புதிதாகத் துளை போடாமல், ஏற்கெனவே உள்ள போல்டிலோ கிளாம்பிலோ தொங்கவிடுவது நல்லது. கொச்சியில் உடல் தகட்டில் போட்ட ஒவ்வொரு புதுத் துளையும் இரண்டு மழைக்காலத்துக்குள் துருவின் வாசலாகும். அசல் நிலைக்குத் திரும்ப வேண்டுமென்றாலும் கிளாம்பைத் தளர்த்தினால் போதும். கேரளத்துக் கார்களுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு: தரையில் விரிக்கும் கயிற்றுப் பாய். அதன் ஓரம் சுருண்டு பெடல் தண்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் புகுந்துகொள்ளும். பாயை அந்த இடத்தில் வெட்டிவிடுவதில் தயக்கம் காட்டக் கூடாது.

இந்த வேலையில் உண்மையான ஆபத்து ஒன்றே ஒன்று. அது தள்ளு ஸ்விட்சைச் சரிசெய்யும் இடத்தில் இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரையும் அதன் ஆயில் தொட்டியையும் இணைக்கும் துளைகளில் ஒன்று ஊசிமுனை அளவே இருக்கும். பெடல் முழுதாகத் திரும்பி ஓய்வில் நிற்கும்போது மட்டும் பிஸ்டன் அந்தத் துளையைத் திறந்துவிடுகிறது. சூட்டில் பெருகும் பிரேக் ஆயில் அதன் வழியாகத்தான் தொட்டிக்குத் திரும்பும். ஸ்விட்சை இரண்டு சுற்று அதிகமாகத் திருகிவிட்டால் அதன் உடல் பெடலில் முட்டி, பெடலை ஓரிரு மில்லிமீட்டர் உள்ளேயே நிறுத்திவைக்கும். துளை அடைபடும். அதன் பிறகு நடப்பது மெல்ல மெல்ல நடக்கும். சில கிலோமீட்டரில் டிரம் சூடாகும், ஆயில் பெருகும், திரும்ப வழியில்லாமல் அதுவே ஷூவைத் தள்ளும், ஷூ உரசி இன்னும் சூடாகும். வண்டி இழுவை குறைந்து கனக்கும், கருகல் வாசனை வரும், கடைசியில் சக்கரம் பிடித்துக்கொள்ளும். இவ்வளவுக்கும் ஸ்விட்சின் ஊசி உள்ளே அழுந்தியே இருப்பதால் பிரேக் விளக்கு எரியாது. பின்னால் வருபவருக்கும் தெரியாது, ஓட்டுபவருக்கும் புரியாது.

ஆகவே முதலில் ஸ்விட்சை எட்டாத தூரத்துக்குப் பின்னிழுத்துவிட்டு, பெடல் தன் இயல்பான இடத்தில் நிற்கிறதா, மிதித்ததும் முதலில் சிறிது வெற்றாக ஆடுகிறதா என்று கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். பிஸ்டனைத் தள்ளும் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளிதான் அந்த ஆட்டம். பிறகு இக்னிஷனைப் போட்டுக்கொண்டு ஸ்விட்சை விளக்கு அணையும் வரை திருகி, அதன்மேல் அரைச் சுற்று கூட்டி, உடல் பெடலைத் தொடவில்லை என்று விளக்கடித்துப் பார்த்துவிட்டு நட்டை இறுக்கலாம். நட்டை இறுக்கும்போது ஸ்விட்ச் கூடவே சுழலும். அதனால் இறுக்கிய பின்னும் பெடலின் ஆட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும். பெடல் 5 முதல் 10 மில்லிமீட்டர் நகர்வதற்குள், அதாவது ஷூ டிரம்மைத் தொடுமுன், விளக்கு எரிந்தால் சரியான இடம். உதவிக்கு ஆள் இல்லையென்றால் மாலையில் வண்டியைச் சுவரை நோக்கிப் பின்பக்கமாக நிறுத்தினால் சுவரில் விழும் சிவப்பு, கண்ணாடியில் தெரியும். இழுப்பு ஸ்விட்சில் இந்த ஆபத்து இல்லை. அதன் ஸ்பிரிங் பெடலை ஓய்வு நிலைக்கே இழுக்கிறது. இரண்டும் பொருந்தும் வண்டியில் இழுப்பு வகையைத் தேர்ந்தெடுப்பவரே புத்திசாலி.

பழைய ஸ்விட்சை என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஒயரை மட்டும் கழற்றிவிட்டு அதை அங்கேயே விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். பார்வைக்கு அசலாக இருக்கும், பிரேக் ஆயிலையும் தொட வேண்டியதில்லை. ஆனால் கிழியக்கூடிய சவ்வு குழாயிலேயே இருக்கும்போது பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டுத் துளையை அடைப்பதே முறை. ஜீப்பிலும் பெரும்பாலான ஆங்கில, அமெரிக்கக் கார்களிலும் அது கால் அங்குலத்தில் பாதி, அதாவது 1/8 அங்குலம் என்று பெயர் கொண்ட கூம்பு மரை. அங்குலத்துக்கு 27 மரை. தண்ணீர்க் குழாய்க் கடையில் கிடைக்கும் அதே பெயருள்ள பிளக்கில் அங்குலத்துக்கு 28 மரை. முதல் ஓரிரு சுற்று நன்றாகவே ஏறும். பிறகு பித்தளையைக் கிழித்துக்கொண்டு போகும். பீட்டிலில் 10 மில்லிமீட்டர் மரை. எனவே பழைய ஸ்விட்சைக் கையில் எடுத்துக்கொண்டு போய் மரை அளவுகோலால் ஒப்பிட்டுத்தான் பிளக் வாங்க வேண்டும். கூம்பு மரை தானாகவே இறுகி அடைத்துக்கொள்ளும். டெஃப்லான் டேப் சுற்றினால் அதன் இழைகள் குழாய்க்குள் போய் ஊசித்துளையை அடைக்கும்.

குழாயைத் திறந்துவிட்டதால் காற்று புகுந்திருக்கும். ஏர் எடுக்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில், நம் நாட்டு வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் பொதுவாக இடது பின் சக்கரத்தில், தொடங்கி அருகில் உள்ளதில் முடிப்பது வழக்கம். டாட் 3 ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியசுக்கு மேல் கொதிப்பது, ஈரம் சேர்ந்த பின் 140 டிகிரியை ஒட்டி இறங்கிவிடுகிறது. கொச்சிக் காற்றில் திறந்துவைத்த டப்பாவை அடுத்த வேலைக்கு எடுத்துவைப்பது சிக்கனமல்ல. பெயின்டில் சொட்டினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். துடைத்தால் பெயின்ட் துணியோடு வரும். ஈரம் உறிஞ்சாத சிலிக்கோன் ஆயிலான டாட் 5-க்கு மாற நினைப்பவர்களும் உண்டு. அழுத்த வகை ஸ்விட்சுகள் அந்த ஆயிலில் சீக்கிரம் கெட்டுப்போவது பலர் கண்ட அனுபவம். ஸ்விட்சைப் பெடலுக்கு மாற்றியவருக்கு அந்தக் கவலை இல்லை.

மின்சாரப் பக்கம் சொல்ல அதிகமில்லை. 21 வாட் பல்பு இரண்டு என்றால் 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். கார் ஸ்விட்ச் அதை எளிதாகத் தாங்கும். மோட்டார் சைக்கிள் ஸ்விட்ச் ஒரு பல்புக்காகச் செய்யப்பட்டது; அதற்கு ஒரு ரிலே போடுவது நல்லது. மற்றபடி ரிலே என்பது துருப்பிடிக்க இன்னொரு பொருள், அவ்வளவே. எல்.இ.டி பல்பு மாட்டினால் மின்சாரம் குறைவதோடு விளக்கும் சட்டென்று எரியும். சாதா பல்பின் இழை சூடாகி ஒளிவிட ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் பின்னால் வரும் வண்டி மூன்று மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஆனால் 1960-களின் நடுப்பகுதி வரை வந்த ஆங்கிலக் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். சாதாரண எல்.இ.டி அதில் எரியாது. இருபக்கமும் வேலை செய்யும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

சட்டம் இதற்குத் தடையா என்ற கேள்வியும் எழும். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் இதில் வரும். மாநிலக் குறியீட்டை அடுத்து வி.ஏ என்ற எழுத்துகளோடு எண் கிடைக்கும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். சேசிஸ், உடல் கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. கிளாம்பில் தொங்கும் ஒரு ஸ்விட்ச் அந்த வகையில் சேராது. கண்காட்சிக்குப் போகும் வண்டியானால், கழற்றிய பித்தளை ஸ்விட்சை எண்ணெய்த் துணியில் சுற்றி வண்டியின் பழைய உதிரிகளோடு வைத்துக்கொள்வார்கள். தினம் ஓடும் வண்டியில், வேலை முடிந்த முதல் வாரம் பிளக்கின் அடியில் ஒரு காகிதத்தை ஒட்டி வைத்து, அதில் ஈரக் கறை படிகிறதா என்று பார்ப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். பிறகு மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை, கடலேற்றத் தண்ணீரில் ஓட்டிய பிறகு ஒரு முறை, ஸ்விட்சின் நட்டையும் ஸ்பிரிங்கையும் ஒயர் முனைகளையும் பார்த்துக்கொண்டால் போதும்.